படி, மரக்கால் – லிட்டர் மாற்றம்

தமிழகத்தின் பழைய முகத்தலளவைகளை லிட்டரில் சொல்லும் கணக்கு. வாய்பாடு எளிது: 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி (படி), 8 நாழி ஒரு குறுணி (மரக்கால்), 12 மரக்கால் ஒரு கலம். இந்த விகிதங்கள் பெரிதும் நிலைத்திருந்தன. ஊருக்கு ஊர் மாறியது பாத்திரம்தான்.

சோழர் காலத்தவர் இதை நன்கறிந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வெறுமனே இத்தனை கலம் நெல் என்று நிறுத்துவதில்லை. ‘இராசகேசரி’ என்னும் அளவையோடு ஒத்த ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்த நெல் என்று கருவியின் பெயரையும் பொறித்தன. இன்றைய ஆய்வாளர் சிலர் அந்த எச்சரிக்கையைத் தாண்டி கலத்தை நேரே ஒரு லிட்டர் எண்ணால் பெருக்கிவிடுகிறார்கள்.

360 நெல் ஒரு செவிடு என்பது மரபு. அப்படியானால் ஒரு நாழியில் 14,400 நெல். இன்றைய நெல் வகைகளில் ஆயிரம் மணி பொதுவாக 15 முதல் 25 கிராம் நிறுக்கும். நெல்லின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நாழி ஏறத்தாழ 400 முதல் 600 மில்லிலிட்டருக்குள் அடங்கும். ஆனால் இப்போது பரவலாக வழங்கும் பட்டியல் ஆழாக்கை 168 மில்லிலிட்டர் என்கிறது. அதன்படி படி 1.344 லிட்டர். கம்பெனி ஆட்சிக்கால மதராஸ் மரக்காலோ 750 கன அங்குலம், படிக்குச் சுமார் 1.54 லிட்டர். அதே மரக்கால் 400 கொண்டது ஒரு கரிசை என்பதால், படியில் நேரும் சிறு பிழை கரிசையில் 3,200 மடங்காகும். குவித்து அளந்தார்களா, தலைதட்டி அளந்தார்களா என்பது தனிக் கேள்வி.

1956-இல் இந்தியா எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. பாலும் எண்ணெயும் லிட்டருக்குப் போயின. அரிசிக்கு நேர்ந்தது வேறு: முகந்து விற்ற தானியம் நிறுத்து விற்கும் சரக்காயிற்று. ஆகவே ஒரு படி அரிசியை இன்றைய அளவில் சொல்ல லிட்டர் மட்டும் போதாது, தானியத்தின் அடர்த்தியும் தெரிய வேண்டும். ஒரே படியில் அரிசியும் பொரியும் ஒரே எடை காட்டா. கல்வெட்டு நெல்லைப் பொறுத்தவரை, மரக்கால் எதுவென்று தெளியும் வரை கலத்தைக் கலமாகவே எழுதுவது நேர்மை; ஏனெனில் 1.344 போன்ற எண்ணின் மூன்று தசம இலக்கங்கள் இல்லாத துல்லியத்தைக் காட்டுகின்றன.