ஆடு தொடாத இலையும் தும்மலின் வரலாறும்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நம் விருத்தாசலத்தில் செராமிக் பட்டறையில் பல வருடமாக வேலை பார்ப்பவர். செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "சார், மகரந்த அலர்ஜிக்கு மூலிகைப் பொடியாம். எனக்கும் ரொம்ப நாளா தும்மலும் இருமலும் இருக்கு. வாங்கிச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தும்மல் நோயை முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக். கோடைதோறும் தமக்கே வந்த தொல்லையை 1819-இல் எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தம் உடம்பிலேயே சோதனை செய்து, காரணம் மகரந்தமே என்று 1873-இல் நூலாக வெளியிட்டார்.

அதே 1870-களில்தான் சீமைக்கருவேலம் சென்னை மாகாணத்துக்குள் வந்தது. அதன் மகரந்தம் ஒவ்வாமை தரும் என்பது இன்று மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. வேடிக்கை என்னவென்றால், நம் பழமலைநாதர் கோயில் தலவிருட்சமான வன்னிக்கு அது நெருங்கிய சொந்தம்!

சரி, மருந்துக்கு வருவோம். நம் வேலியோரத்து ஆடாதோடையை எல்லோருக்கும் தெரியும். கசப்பினால் ஆடு தொடாது. அதனால் 'ஆடுதொடா இலை' என்பார்கள். சளிக்கும் இருமலுக்கும் சித்த மருத்துவம் இதைக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறது. உதகமண்டலத்தில் சின்கோனா ஆய்வுக்காக அரசு நியமித்திருந்த டேவிட் ஹூப்பர், 1888-இல் இந்த இலையிலிருந்து வாசிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் 1960-களில் ஜெர்மனியில் உருவானது புரோம்ஹெக்சின். அதிலிருந்து வந்தது ஆம்புராக்சால். இன்று கடையில் வாங்கும் பல இருமல் மருந்துகளில் இவை இருக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆடாதோடையின் வேலை சளியை இளக்குவது. மகரந்தத்தால் வரும் தும்மலையும் கண் அரிப்பையும் அடக்குவது அதன் வேலையல்ல. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

அந்த வேலைக்கு உதவியது எகிப்து பக்கத்துச் செடி ஒன்று. நம் ஓமம், கொத்தமல்லியின் குடும்பம்தான். அதிலுள்ள கெலின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து இங்கிலாந்தில் ஆய்வு நடந்தது. ஆஸ்துமாக்காரரான டாக்டர் ரோஜர் ஆல்டூன்யன் ஒவ்வொரு மருந்தையும் தாமே உள்ளிழுத்துச் சோதித்தார். 1965-இல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது. அலர்ஜிக்கான கண் சொட்டு மருந்தாக இன்றும் இருக்கிறது.

ஐரோப்பாவின் பட்டர்பர் செடி, செடிரிசின் மாத்திரைக்கு ஈடாக வேலை செய்ததாக 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அந்தச் செடியிலேயே கல்லீரலைக் கெடுக்கும் பொருள்களும் உண்டு. அவற்றை நீக்காமல் அப்படியே பொடித்துத் தின்றால் ஆபத்து. இலை என்பதாலேயே எதுவும் தீங்கற்றது ஆகிவிடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் மாணவரிடம் கேட்டேன்: "உனக்கு வருவது மகரந்தத்தால்தான் என்று யார் சொன்னது?" அவர் பேசவில்லை. மகரந்தத் தும்மல் பூக்கும் காலத்தோடு வந்து போகும். இவருக்கோ வருடம் முழுக்க இருமல். படியேறினால் மூச்சு வாங்குகிறது. பட்டறைத் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலில் தழும்பு உண்டாக்கினால், அதை எந்த இலையாலும் எடுக்க முடியாது. "முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடு. என்ன வேலை செய்கிறாய் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல். பொடி அப்புறம்" என்றேன். அன்றே போவதாகச் சொல்லிப் போனார். நேற்று போன் செய்தேன். "இன்னும் போகலை சார்" என்கிறார். நாளைக் காலை நானே கூட்டிப் போகப் போகிறேன்.

நம் கோயில் கட்டிய காலத்தில் வன்னி இலை அவரவர் உழைப்புக்குத் தக்கபடி பொன்னாக மாறியது என்பது தலபுராணம். மருந்து இலையும் அப்படித்தான். நோய்க்குத் தக்கபடிதான் பலன் தரும். நோய் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வாழ்க நலமுடன்.