பகைவனின் கண்வழியே ஓர் அச்சம்

யப்பானியத் திகில் வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றில் 'சைரனு'க்குத் தனியிடம் உண்டென்பேன். 1999 இல் 'சைலண்ட் ஹில்' விளையாட்டை இயக்கிய கெய்இச்சிரோ தொயாமா, 2003 இல் பிளேஸ்ரேசன் 2 இற்காக இதனைப் படைத்தார்.

ஹனுடா என்னும் மலைக்கிராமத்து மக்கள் நடைபிணங்களாகி, உயிரோடிருந்த காலத்து வேலைகளையே செய்துகொண்டு அலைகின்றனர். அடித்து வீழ்த்தினாலும் சற்று நேரத்தில் எழுந்துவிடுவர். ஆகவே பதுங்கிச் செல்வதே வழி.

அதற்கென விளையாடுபவருக்கு ஓர் ஆற்றல் வாய்க்கிறது: அவர்களின் கண்வழியே காணலாம். எவர் எப்போது திரும்புவார் எனக் கணித்து நழுவுவதில் களிப்புப் பிறக்கிறது. ஆனால், அவ்வாறு பார்க்கும்வரை நகரமுடியாது. அந்தக் கண்களில் திடீரெனத் தமது முதுகே தெரிந்தால்?

தெரியாதவற்றுக்கே மனிதர் அஞ்சுவர் என்பது பொதுவான எண்ணம். சைரனோ தெரிந்தபின்னும் அஞ்சவைத்தது.