மூக்கு களைத்துப்போன கதை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். இங்கே கடலைப் பார்த்தபடி டச்சுக்காரர்களின் பழைய கோட்டை ஒன்று இடிந்து நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் அவர்கள் தேடி வந்தது துணி. சோழமண்டலத் துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி வாங்கினார்கள். அதாவது, இங்கே நெய்த துணிதான் அங்கே வாசனைக்கு விலை! 1824-இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் இருந்த டச்சு இடங்கள் பிரிட்டிஷார் கைக்குப் போயின.

வாசனை வியாபாரம் டச்சுக்காரர்களோடு தொடங்கியது இல்லை. கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று 'ஐவிரை'யைத் தமிழ் நூல்கள் பட்டியல் போடுகின்றன. 6-ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினியைச் சேர்ந்த வராகமிகிரர் தம் 'பிருகத் சம்ஹிதை'யில் வாசனைக் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். 16 பொருள்களில் நான்கு நான்காகச் சேர்த்தால் 1820 கலவைகள் வரும் என்று கணக்கும் போட்டார். அளவுகளை மாற்றினால் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும்.

இத்தனையையும் யார் முகர்ந்து பார்ப்பது? கணக்கு களைக்காது, மூக்கு களைத்துவிடும்.

மீன்காரி ஒருத்தி பூக்காரி வீட்டில் தங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். பூவாசத்தில் தூக்கம் வராமல், தன் மீன்கூடையில் தண்ணீர் தெளித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாளாம். ராமகிருஷ்ண பரமஹம்சரும் இதைச் சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் மீன்காரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் பூக்காரிக்கும் தன் வீட்டுப் பூவாசம் தெரியாது என்பதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு பேருக்கும் மூக்கு ஒன்றுதான். பிரான்சில் மோந்தேன் என்ற எழுத்தாளர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்துவைத்தார். வாசனையூட்டிய சட்டையைத் தொடர்ந்து மூன்று நாள் போட்டால், மணம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்.

இதைச் சோதனையாகச் செய்து பார்த்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1886-இல் ஆரன்சோன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், ஒரே பொருளை விடாமல் முகர்ந்தால் சில நிமிடங்களில் அதன் மணம் தெரியாமல் போகிறது என்று காட்டினார். ஒரு வாசனைக்குக் களைத்த மூக்கு வேறொரு வாசனையைக் கண்டுகொள்ளும் என்பதையும் பார்த்தார். 1888-இல் முகரும் திறனை அளக்கக் கருவி செய்தவர் ஸ்வார்டெமாக்கர். அவரும் ஒரு டச்சுக்காரர்தான்!

காரணம் பிற்பாடு தெரிந்தது. மூக்கில் உள்ள வாசனை ஏற்பிகளின் மரபணுக்களை 1991-இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். மனிதருக்கு இவ்வகை ஏற்பிகள் சுமார் 400. ஒரு வாசனை தொடர்ந்து தாக்கும்போது செல்லுக்குள் கால்சியம் நுழைந்து அதன் கூர்மையைக் குறைக்கிறது. மூளையும் 'இது பழைய செய்தி' என்று ஒதுக்கிவிடுகிறது. புதிதாக வரும் வாசனையைக் கவனிக்கத்தான் இந்த ஏற்பாடு.

சென்ட் கடைகளில் நாலைந்து பாட்டில் முகர்ந்ததும் காப்பிக்கொட்டையை நீட்டுவார்கள். 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் காப்பி, எலுமிச்சை, வெறும் காற்று மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றாலே போதும்.

கடையில் மூக்கு ஏமாந்தால் நஷ்டம் பணம்தான். கழிவுநீர்த் தொட்டியில் ஏமாந்தால் உயிர் போகும். அங்கே உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை போல நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டினால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாயு போய்விட்டது' என்று நினைத்து இறங்குபவர் திரும்புவதில்லை. அவரைத் தூக்க இறங்குபவரும் சாகிறார். மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. அப்படியும் சாவுகள் நிற்கவில்லை. தமிழ்நாடும் இதற்கு விலக்கல்ல.

தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது சோதனை ஆகாது. வாயுவை அளக்கக் கருவி இருக்கிறது, கழிவை எடுக்க இயந்திரம் இருக்கிறது. நாற்றம் தெரியவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. மூக்கு களைத்திருக்கலாம்.