கழல மறுத்த திருகாணி

முறுக்குக் கடிப்பது சரித்திர ஆராய்ச்சியில் கொண்டுபோய் விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் அனுமந்தை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தேன். முறுக்கு அப்படியே இருந்தது. என் கீழ்க்கடைவாய்ப் பல் ஆடியது! அது பிறவிப் பல் அல்ல. தாடை எலும்புக்குள் டைட்டேனியம் குழல் ஒன்றைப் பதித்து, அதன் மேல் சிறு திருகாணியால் முடுக்கி நிறுத்திய பல். திருகாணி தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எண்ணியது என் பேதைமை. அவசரத்தில் நான் நுழைந்த ஒரு வைத்தியசாலையில், பொருந்தாத திருப்புளியை வைத்துப் பலங்கொண்ட மட்டும் திருகினார்கள். திருகாணியின் தலையில் ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் அறுகோணக் குழி உண்டு. அதன் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிட்டன. பிறகு அது மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. 'மரை கழன்றவன்' என்று சிலரைப் பரிகாசம் செய்கிறோம். அவனோடு எப்படியாவது காலந்தள்ளி விடலாம். கழல மாட்டேன் என்பவனை என்ன செய்வது?

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணப் பகுதிதான் என்று அறிஞர்கள் பலர் கருதுவார்கள். எயில் என்றால் மதில். எயிறு என்றால் பல். அன்று எனக்கு இரண்டாவது சொல்தான் நினைவில் நின்றது.

மரக்காணத்து உப்பளம் ஒன்றின் ஓரமாக, நீர் இறைக்கும் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு மெக்கானிக். உப்புக் காற்றில் துருவேறிய திருகாணி ஒன்று அவரிடமும் பிடிவாதம் செய்துகொண்டிருந்தது.

"இதை எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில ஊறணும் ஐயா. அப்புறம் மெதுவாத் தட்டுவேன். அதுக்கும் வரலேன்னா, தலையில ரம்பத்தால ஒரு கோடு அறுத்துத் திருப்புளி போடுவேன். அவசரப்பட்டா தலை போயிடும்."

யாருடைய தலை என்று நான் கேட்கவில்லை.

திருகாணி நமக்குப் புதிதல்ல. தோட்டின் திருகு காணாமற் போன வீட்டில் அன்று நடக்கும் கலவரத்தை அறியாத தமிழர் உண்டா? ஆனால் ஒருவர் செய்த ஆணி இன்னொருவர் செய்த மரையில் பொருந்துவது மிகப் பிந்திய அதிசயம். 1800-ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர், மரைகளைத் துல்லியமாக வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841-இல் மரைகளுக்குப் பொது அளவை வகுத்தார். கனடாவின் ராபர்ட்சனுக்குத் தட்டைத் திருப்புளி வழுக்கிக் கையைக் கிழித்துவிட்டதாம். அதனால் 1908-இல் சதுரக் குழி வைத்த திருகாணியைக் கண்டுபிடித்தார். தலையில் குழி வைப்பதன் ரகசியமே வழுக்காமல் இருப்பதுதான். என் விஷயத்தில் அந்த ரகசியம் பலிக்கவில்லை!

பல்லுக்கும் திருகாணிக்கும் உறவு ஏற்பட்ட கதை இன்னும் வேடிக்கையானது. 1952-இல் ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரத்தில் பிரானேமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தைப் பார்ப்பதற்காக, முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான சிறு கருவியைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்தது. விலை அதிகமான கருவியாயிற்றே என்று திருப்பி எடுக்கப் பார்த்தார். அது வரவில்லை! எலும்பு அதைத் தன்னுடையதாக்கிக் கொண்டு கெட்டியாகப் பற்றியிருந்தது. வேறொருவராயிருந்தால் முயலைத் திட்டியிருப்பார். அவர் யோசித்தார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருடைய தாடையில் டைட்டேனியம் வேர்களைப் பதித்தார். அந்த மனிதர் 2006-இல் காலமாகும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன. கழல மறுத்த பொருளிலிருந்து பிறந்த வைத்தியம் இது. அந்த டைட்டேனியத்தின் தாதுவான இல்மனைட், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது.

புதுச்சேரியில் இன்னொரு பல் வைத்தியரிடம் போனேன். அவர் அபாயத்தை ஒளிக்காமல் சொன்னார்: திருகாணியைக் குடையும்போது முனை சறுக்கிக் குழலின் உள் மரையைத் தொட்டால், குழலே பயனற்றுப் போகலாம். பிறகு எலும்பை அறுத்துக் குழலை எடுத்து, காயம் ஆற மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். சூடும் ஆகாது. 47 டிகிரி வெப்பம் ஒரு நிமிஷம் நீடித்தாலே எலும்புக்குச் சேதம் என்று 1983-இல் ஸ்வீடனில் முயல்களை வைத்தே கண்டிருக்கிறார்கள். (பாவம், முயல்கள்!)

புதிய திருப்புளியை அழுத்தித் திருகிப் பார்த்தார், வழுக்கியது. அதிரும் கருவியால் தட்டினார், அசையவில்லை. பிறகு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, தண்ணீர் பீச்ச, மெல்லிய முனையால் திருகாணியின் தலையில் ஒரு கோடு அறுத்தார். மண்ணெண்ணெய் ஒன்றுதான் குறை! கோட்டில் தட்டைத் திருப்புளியை வைத்து இடப்பக்கம் திருகினார். நான் நாற்காலியின் கையைப் பிடித்தேன். ஒரு தரம் வழுக்கியது. இரண்டாம் தரம் மெல்ல, மிக மெல்லத் திரும்பியது.

என் உள்ளங்கையில் வைத்தார். நெல்மணி அளவுகூட இல்லை.

உள் மரைக்கு ஒரு கீறலும் இல்லை என்று பார்த்துவிட்டு, புதுத் திருகாணியைப் பூட்டி, முறுக்கு விசையை அளக்கும் சாவியால் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை முடுக்கினார். பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் அதே அளவுக்கு முடுக்கினார்.

அனுமந்தைக்குத் திரும்பியதும் நண்பரின் மனைவி மறுபடியும் முறுக்குத் தட்டோடு வந்தார். "மோரில் ஊற வைத்துக் கொடுங்கள், அம்மா" என்றேன்.