குமரன்களும் குமாரசாமிகளும்

குமரன், குமாரசாமி என்பவை முருகனின் பெயர்கள். தமிழ்நாடு, இலங்கை, கேரளம், கர்நாடகம், மலேசியா என்று தமிழும் முருகனும் போன இடமெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கப்படுபவை. இலங்கைத் தமிழரிடையே குடும்பப் பெயராகவும் நிலைத்துவிட்டதால், அங்கே பெண்களின் பெயருக்குப் பின்னாலும் ‘குமாரசாமி’ வரும். பழனி, சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று குன்றுதோறும் கோயில் இருக்கும் கொங்கு நாட்டில் இந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டால், ஒரே தெருவில் மூன்று தலைமுறைக் குமாரசாமிகளைப் பார்க்கலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகள் இந்தச் சிக்கலைத் தொழிலை வைத்தே தீர்த்துக்கொள்கின்றன. கட்டிங் குமார், செக்கிங் குமார், ஓவர்லாக் குமாரசாமி என்றால் ஆள் யாரென்று தையல்காரருக்கு உதவும் கைமடிப் பையன்வரை எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் ஒரே ஒருவரைச் சொல்லத்தான் அடையாளம் எதுவும் தேவைப்படுவதில்லை. குமரன் ரோடு, குமரன் சிலை, குமரன் நினைவகம் என்றால் எந்தக் குமரன் என்று திருப்பூரில் யாரும் கேட்பதில்லை.

அந்தக் குமரனின் பிறப்புப் பெயரும் குமாரசாமிதான். 1904 அக்டோபர் 4 அன்று சென்னிமலையில் ஒரு கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நாச்சிமுத்து முதலியார், தாய் கருப்பாயி. இன்றும் போர்வைக்கும் பெட்ஷீட்டுக்கும் பெயர் பெற்ற ஊர் சென்னிமலை. மலைமேல் இருப்பவர் சுப்பிரமணியர். அந்த ஊரில் பிறந்த பையனுக்குக் குமாரசாமி என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை. முழுப் பெயரை எழுதினால் முன்னால் ஓ.கே.எஸ்.ஆர். என்று நான்கு எழுத்துகள், பின்னால் சாதிப் பட்டம். வரலாறு அவை எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு ‘குமரன்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டது.

தறி வருமானம் போதாமல் அவர் திருப்பூருக்கு வந்து பஞ்சு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றைய திருப்பூரின் பெயர் பனியனோடு சேர்த்துச் சொல்லப்படவில்லை. அது பஞ்சுச் சந்தை. அதைவிட முக்கியமாகக் கதர் ஊர். அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கிருந்துதான் இயங்கியது. சுற்றுக் கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் அங்கே வந்து சேர்ந்து வெளியூர் போயின. தேசபந்து வாலிபர் சங்கம் என்ற இளைஞர் அமைப்பில் குமரன் முன்னின்றார். இன்று ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர், அந்நியத் துணி வேண்டாம் என்ற இயக்கத்தின் கோட்டையாக இருந்தது என்பது இன்றைய ஏற்றுமதியாளர்கள் சிலருக்கே வியப்பாக இருக்கக்கூடும்.

1932 ஜனவரி 4 அன்று பம்பாயில் காந்தி கைதானார். சட்டமறுப்பு மீண்டும் சூடு பிடித்தது, ஊர்வலங்களுக்குத் தடை வந்தது. ஜனவரி 10 அன்று திருப்பூரில் பி. எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சிறு குழு தடையை மீறிக் கொடியோடு புறப்பட்டது. போலீஸ் தடியடியில் குமரனுக்கு மண்டை பிளந்தது. விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை அவர் விடவில்லை. மறுநாள், ஜனவரி 11, மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 27. ‘கொடிகாத்த குமரன்’ என்ற பெயர் அதன் பிறகு வந்தது. தாய்தந்தை வைத்த பெயருக்கு முன்னால் ஊரார் சேர்த்த பட்டம் அது.

அந்த ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவரின் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. நூலகப் பட்டியலில் பி. எஸ். சுந்தரம் என்று தேடினால், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து பெங்குவின் வழியாக வெளியிட்ட ஆங்கிலப் பேராசிரியர்தான் முதலில் வருவார். இன்ஷியல்வரை ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு, துறை வேறு. திருப்பூர்க்காரர் தடியடி வாங்கியவர்.

2004இல் குமரன் நூற்றாண்டுக்கு அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அதே ஆண்டில் திரைக்கு வந்த ஒரு படத்தின் தலைப்பு ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’. எந்தக் குமரன் என்று காட்ட அம்மாவின் பெயரையே தலைப்பில் சேர்த்துவிட்டார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தையே வைத்துப் பழகிய நாட்டில் அது சற்றுப் புதுசுதான்.

ஒரே பெயரில் பலர் இருக்கும் தொல்லை சங்ககாலத்திலேயே உண்டு. புறநானூற்றுப் புலவர்களில் ஒருவர் ‘கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார்’. நாடு, சொந்த ஊர், மாடலன் என்ற அடையாளம், வாழ்ந்த நகரம், கடைசியில் பெயர். ஐந்து சொல்லில் நான்கு, இவர் வேறு குமரனார் அல்லர் என்று காட்டுவதற்கே செலவாகிறது. திருப்பூர்ச் சம்பளப் பதிவேட்டில் ‘செக்கிங்’ செய்யும் வேலையை அங்கே ‘எறிச்சலூர்’ செய்கிறது.

கொழும்பில் இந்தப் பெயர் ஒரு குடும்பத்தின் சொத்துப்போலவே இருந்தது. 1830களில் இலங்கைச் சட்டசபையில் தமிழர் சார்பில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசாமி. அவர் மகன் முத்து குமாரசாமி லண்டனில் பாரிஸ்டரானவர்; அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் தந்தவர்; ‘சர்’ பட்டம் பெற்றவர். முத்துவின் சகோதரியுடைய மகன்களில் மூத்தவருக்குத் தாத்தா பெயர் வந்தது: பொன்னம்பலம் குமாரசாமி. 1890களில் அவரும் அதே சட்டசபையில் உறுப்பினரானார். தம்பிகளான இராமநாதனும் அருணாசலமும் பெற்ற புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை.

குமாரசாமி என்ற பெயருக்கான புகழ் முழுவதும் முத்துவின் மகன் ஆனந்த குமாரசாமிக்குப் போனது. 1877இல் கொழும்பில் பிறந்தார். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். இரண்டு வயதுக்குள் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். கலை வரலாற்றுக்கு வருமுன் அவர் மண்ணியலாளர் என்பது பலருக்குத் தெரியாது. இலங்கையின் கனிம ஆய்வுத் துறையை நடத்தியவர். தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் கண்டறிந்தவர். மலைக்கிராமங்களில் கல்லைத் தேடிப் போனவர், அங்கே அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களைக் கண்டு நின்றுவிட்டார். ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவருடைய பெருநூல் 1908இல் வந்தது. ஆங்கிலேயக் கைவினை இயக்க முன்னோடி வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே அதை அச்சிட்டார். பிறகு இந்தியாவில் சுதேசி இயக்கத்தின் பக்கம் நின்றார். ஆனால் அவருடைய சுதேசிக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வெளிநாட்டு ஆலைத் துணிக்குப் பதில் உள்நாட்டு ஆலைத் துணி என்றால் அவருக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கைவினைஞன் பிழைக்க வேண்டும் என்பதே அவர் வாதம். 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி 1947இல் மறைந்தார்.

அவருடைய முதல் மனைவி எதெல், பிரிவுக்குப் பின் எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முன்னணிக் கைத்தறி நெசவாளரானார். தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் அவர் எழுதிய நூல் இன்றும் சாயக்காரர்கள் புரட்டும் நூல். சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால் 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவில் மூடப்பட்ட சாயப் பட்டறைகளைக் கண்ட திருப்பூருக்கு, ஒரு குமாரசாமி வீட்டில் வாழ்ந்தவர் எழுதிய அந்த நூல் மிக அந்நியமானதல்ல.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இன்னொரு குமாரசாமி இருந்தார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) பள்ளி ஆசிரியர், உரையாசிரியர், ‘தமிழ்ப் புலவர் சரித்திரம்’ எழுதியவர். கொழும்புக் குமாரசாமிகள் ஆங்கிலத்தில் உலகுக்கு எழுதினார்கள் என்றால், சுன்னாகத்துக்காரர் தமிழில் தமிழருக்கு எழுதினார்.

கேரளத்தின் குமரன்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தவர்கள். மகாகவி குமாரன் ஆசான் 1873இலும், உரைநடையாளர் மூர்க்கோத்து குமாரன் 1874இலும் பிறந்தனர். இருவரும் நாராயண குருவின் வழி வந்தவர்கள். ஆசான் எஸ்.என்.டி.பி. யோகத்தின் முதல் செயலாளர். மூர்க்கோத்து, குருவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். ஆசான் 1924 ஜனவரியில் பல்லனையில் படகு கவிழ்ந்து இறந்தார்.

அரசியலில் பூ. ச. குமாரசாமி ராஜா இராஜபாளையத்துக்காரர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர். குடியரசு பிறந்த நாளில் பதவியில் இருந்ததால் முதல் முதலமைச்சர் என்ற இடம் அவருக்கு. அவரைப் பதவிக்குக் கொண்டுவந்ததில் காமராஜருக்குப் பங்கு உண்டு. அந்தக் காமராஜரின் இன்ஷியலான ‘கு’வும் ஒரு குமாரசாமிதான், அவருடைய தந்தை. 1952 தேர்தலில் ராஜா தோற்றார். பின்னர் ஒரிசா ஆளுநரானார். சொந்த வீட்டை ஊருக்குக் கலைமன்றமாகக் கொடுத்துவிட்டுப் போனவர். இன்று அவர் பெயரைச் சொன்னால் பலர் கர்நாடகத்தின் எச். டி. குமாரசாமியைத்தான் நினைப்பார்கள். கர்நாடகத்திலிருந்தே வந்த இன்னொரு குமாரசாமியைத் தமிழகம் 2015 மே 11 அன்று ஒரே காலையில் தெரிந்துகொண்டது: ஜெயலலிதாவை விடுதலை செய்து தீர்ப்பளித்த நீதிபதி சி. ஆர். குமாரசாமி. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

ஐ.நா. சபையில் நடந்த பொருத்தம் விந்தையானது. 1994இல் மனித உரிமை ஆணையம் நியமித்த சிறப்பு அறிக்கையாளர்களில் இருவர் குமாரசாமிகள். பெண்கள் மீதான வன்முறை பற்றி ஆராய இலங்கையின் ராதிகா குமாரசாமி. நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரம் பற்றி ஆராய மலேசியாவின் பரம் குமாரசாமி. இருவரும் 2003 வரை பணியாற்றினர். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு வேறு என்பதால் வெளிநாட்டார் கண்ணில் இருவரும் வேறு வேறு பெயர்க்காரர்கள். தமிழில் எழுதினால் ஒரே பெயர். மலேசிய நீதிமன்றங்கள் குறித்து ஓர் இதழுக்குப் பேட்டி தந்ததற்காகப் பரம் மீது அவதூறு வழக்குகள் பாய்ந்தன. ஐ.நா. பணியில் பேசியவருக்குச் சட்டக் காப்பு உண்டா என்ற கேள்வி ஹேக் சர்வதேச நீதிமன்றம்வரை போனது. உண்டு என்று 1999 ஏப்ரல் 29 அன்று கருத்து வந்தது.

தமிழ்நாட்டில் போதிய கவனம் பெறாத குமாரசாமி ஒருவர் உண்டு. அவரும் பொன்னம்பலம் குமாரசாமிதான். கொழும்புச் சட்டசபைக்காரரின் முழுப் பெயரே. இவர் நீரியல் பொறியாளர் (1930–1988). சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரியை ஒட்டிய நீரியல் ஆய்வு நிலையத்தின் பெயரோடு சேர்த்து ‘பூண்டி குமாரசாமி’ என்று அறியப்பட்டவர். அணையில் இருக்கும் நீர் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, கொள்ளளவுக்கு மேலும் போகாது. ஆனால் புள்ளியியலார் வழக்கமாக எடுக்கும் மணி வடிவ வளைகோடு இரு பக்கமும் எல்லையில்லாமல் ஓடும். இரு எல்லைகளுக்குள் அடங்கும் ‘பீட்டா’ பரவல் ஏற்கெனவே இருந்தது. ஆனால் நீர்மட்டம் ஓர் அளவுக்குக் கீழே இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று அதில் கணக்கிடுவது பெரும் பாடு. குமாரசாமி அதேபோல் வளைந்துகொடுக்கும் வேறொரு சூத்திரம் தந்தார். அதில் அந்த வாய்ப்பைச் சாதாரணக் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். 1980இல் ‘ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜி’ இதழில் கட்டுரை வந்தது.

நீரியலாளர்களுக்கு வெளியே அதை நெடுநாள் அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2009இல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் எம். சி. ஜோன்ஸ் அதன் வசதிகளை விரிவாக எடுத்துக்காட்டினார். இப்போது ‘குமாரசாமி பரவல்’ பாடநூல்களிலும் மென்பொருள்களிலும் இருக்கிறது. இயந்திரக் கற்றல் ஆய்வாளர்கள் பீட்டாவுக்கு மாற்றாக அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் பெயர்களில் உலகெங்கும் அதிகம் தட்டச்சு செய்யப்படுவது அநேகமாக இவருடையதாகவே இருக்கும்.

விளையாட்டில் சொல்லத்தக்கவர் வேகப்பந்து வீச்சாளர் திருநாவுக்கரசு குமரன். 1999–2000 காலத்தில் இந்தியாவுக்காக ஒருநாள் போட்டிகளில் ஆடியவர்.

திருப்பூரில் இப்போது இந்தப் பெயர்க்கணக்கு வேறு விதமாகச் சிக்கலாகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பலருக்கு ‘குமார்’ இரண்டாம் பெயர். உள்ளூர்க்காரருக்கு அது முதல் பெயர். வருகைப் பதிவேட்டில் ஒருவரின் குமார் வரிசையின் முடிவிலும் மற்றவரின் குமார் தொடக்கத்திலும் நிற்கும். ஆதாரில் இன்ஷியல் விரிவாகவும் பி.எஃப். கணக்கில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் பணம் எடுக்கும்போது சிக்கும். இதற்காகவே பல கம்பெனிகளில் ஆளெடுக்கும்போதே ஆதார் அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதிகிறார்கள். தையல் லைனில் கூப்பிடும்போது மட்டும் பழையபடி ஓவர்லாக் குமார், பேக்கிங் குமார்.