யாரிடம் பாடம் கேட்டவர்?

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் பிற்பகுதியில் ஹூண்டாய் கார் ஆலை இயங்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் வந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் சிப்காட் தொழிற்பேட்டைகளின் பெயர்களாகவே செய்தித்தாள் படிப்போர் மனத்தில் தங்கிவிட்டன. இதே சாலையை வைணவப் பெரியோரின் ஊர்களைக் கொண்டு இன்னொரு வகையிலும் வரிசைப்படுத்தலாம். பூவிருந்தவல்லி திருக்கச்சிநம்பி பிறந்த ஊர். அதற்கு மேற்கே திருமழிசை ஆழ்வாரின் திருமழிசை. அடுத்து இராமானுசரின் ஸ்ரீபெரும்புதூர். அப்பால் அவருடைய சிற்றன்னை மகனான எம்பார் பிறந்த மதுரமங்கலம். காஞ்சியை நெருங்கும்போது கூரத்தாழ்வானின் கூரம். திவ்வியப் பிரபந்தம் என்னும் நாலாயிரம் பாசுரங்களையும் அவற்றுக்கு எழுந்த உரைகளையும் வாழ்நாள் முழுவதும் ஓதியும் கேட்டும் வந்த ஒரு வாசகச் சமூகம் இந்த ஊர்களிலிருந்தும் திரண்டது. அச்சமூகத்தினுள் புதிதாக நுழைபவர் தம்மை எவ்வாறு தெரிவித்துக்கொண்டார் என்பதற்குத் தனி வரலாறு உண்டு.

வைதிகர் ஒருவர் பெரியோரிடம் தம்மை அறிவித்துக்கொள்ளும் முறை அபிவாதனம் எனப்படும். தம் குலத்து முனிவர்கள், கோத்திரம், சூத்திரம், ஓதும் வேதக் கிளை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, இறுதியில் தம் பெயரைச் சொல்லி வணங்குவது அது. சொல்லப்படுபவை பெரும்பாலும் பிறப்பால் வந்தவை. வைணவ அடியார் குழுவில் இதனோடு வேறொரு முறையும் நிலைபெற்றது. ஆசிரியரிடம் பெறும் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் ஐந்து சடங்குகளுள் மூன்றாவது, ‘தாசன்’ என்று முடியும் அடிமைப் பெயரைச் சூட்டுவது. ‘அடியேன் ராமானுஜ தாசன்’ என்று ஆண்களும் ‘ராமானுஜ தாஸ்யை’ என்று பெண்களும் சொல்லும் தொடர் அதன் வழியே வந்தது. இதில் சொல்பவரின் ஊரும் இல்லை, குலமும் இல்லை. அவர் எந்த ஆசிரியரின் வழியில் நூலைப் பெற்றவர் என்பது மட்டுமே உண்டு. உறையூர் மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசர் இக்குழுவில் இடம்பெற்றதையும், நீராடி மீளும் இராமானுசர் அவர் கையைப் பற்றி வந்ததையும் குருபரம்பரை நூல்கள் பெருமையோடு பேசுகின்றன. ஆயினும் சொல்லில் மறைந்த குலம் இருக்கையில் மறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோயில் கோஷ்டியில், அதாவது பிரபந்தத்தைக் குரல் கூட்டி ஓதும் குழுவில், யார் அமரலாம் என்பதைப் பல ஊர்களில் பிறப்பே தீர்மானித்துவந்தது.

இம்மரபை விளக்கச் செவிவழிக் கதை ஒன்றைச் சொல்வதுண்டு. திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்கப் பதினெட்டு முறை நடந்த இராமானுசர், உள்ளிருந்து யாரென்று கேட்டபோது ‘நான்’ என்று தொடங்கி விடை சொன்னார் என்றும், அந்த ‘நான்’ செத்த பிறகு வருமாறு நம்பி திருப்பியனுப்பினார் என்றும், ‘அடியேன்’ என்று சொன்ன நாளில்தான் கதவு திறந்தது என்றும் அக்கதை செல்லும். நடந்ததோ இல்லையோ, ஒரு சமூகம் தன் வாயிலில் எந்தச் சொல்லை எதிர்பார்த்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தன் பெயரைத் தானே முன்வைக்காத இவ்வழக்கம் வைணவர்க்கு மட்டும் உரியதன்று. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டியதால் சமண முனிவர் பவணந்தி இயற்றிய நன்னூல், ஒரு நூலை அவைக்கு அறிமுகப்படுத்தும் முன்னுரையான சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியரே எழுதலாகாது என்று விதிக்கிறது. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர் ஆகிய நால்வருள் ஒருவரே அதைச் செய்ய வேண்டும். எத்துணைப் புலமை இருந்தாலும் தன்னைத் தான் புகழ்வது தகாது என்று சொல்லும் பவணந்தியார், உலகியல் அறிந்தவராகையால் நான்கு விலக்குகளையும் தருகிறார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இவற்றுள் இரண்டாவது விலக்கு மிக அகலமானது. புதிய அவைக்குள் நுழையும் எவரும் அதன் வழியே எளிதாகப் புகுந்துவிடலாம்.

வைணவர் இப்பாயிர மரபைத் தனியன் என்னும் வடிவில் வளர்த்தனர். நூலின் உறுப்பாகாமல் தனித்து நின்று, நூலையும் அதை இயற்றியவரையும் போற்றும், பிறர் பாடிய செய்யுளே தனியன். அதைச் சொல்லாமல் எந்தப் பிரபந்தத்தையும் தொடங்குவதில்லை. உரை வாசிப்புக்கும் இதே ஒழுங்குதான். பொது வழக்கில் கதை சொல்லும் நிகழ்ச்சியைக் குறிக்கும் காலட்சேபம் என்ற சொல், இவர்களிடம் ஆசிரியர் முன் அமர்ந்து உரைநூலை வரி வரியாகக் கேட்பதைக் குறிக்கும். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுந்த ‘ஈடு’ என்னும் பேருரையைப் படித்ததாக ஒருவர் சொல்வதைக் காட்டிலும், இன்னாரிடம் ஈடு காலட்சேபம் கேட்டதாகச் சொல்வதே முறை. எனவே புதியவரிடம் கேட்கப்படும் கேள்வியும் எந்தத் திருமாளிகைச் சம்பந்தம் என்பதுதான். திருமாளிகை என்பது ஆசிரியர் வழிவந்த இல்லம். தம் இல்லத்தைக் குடிசை என்றும் பிறர் இல்லத்தைத் திருமாளிகை என்றும் சொல்லும் பரிபாஷையில், அதாவது குழுவுக்கே உரிய சொல்வழக்கில், இப்பணிவு ஊறியிருக்கிறது. ஆனால் பெரிய ஆசிரியரின் பெயரைச் சொல்லித் தலைகுனிவதும் ஒருவகைப் பெருமிதமே. ஆசிரியர் பெயரே அடையாளமான பிறகு எந்த ஆசிரியரின் தனியனை முதலில் சொல்வது என்பது வழக்காகவும் மாறிற்று. வடகலையார் போற்றும் வேதாந்த தேசிகரின் தனியனா, தென்கலையார் போற்றும் மணவாள மாமுனிகளின் தனியனா என்ற காஞ்சிபுரத்துப் பூசல் ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் வரை சென்றது.

தானே சொல்லிக்கொள்ளாத பெயரை அவை எப்படித் தந்தது என்பதற்கு இரு பெயர்கள் சான்று. அத்வைத வித்தகரான மாதவர், கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டரிடம் வாதில் தோற்று, பின்னர்த் துறவு பூண்டு அவரை நாடி வந்தபோது, பட்டர் அவரை ‘நம் சீயர்’ என்று அழைத்தார். அதுவே நஞ்சீயர் என்ற பெயராயிற்று. நஞ்சீயர் தாம் இயற்றிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்க (32 எழுத்து கொண்டது ஒரு படி) வரதராசர் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். காவிரியைக் கடக்கையில் சுவடிக்கட்டு ஆற்றோடு போய்விட, வரதராசர் கேட்டதை நினைவிலிருந்தே எழுதி, சில இடங்களில் தம் விளக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார். அதைப் படித்து வியந்த நஞ்சீயர் அவரை ‘நம் பிள்ளை’ என்று தழுவிக்கொண்டார். பிற்காலத்தில் நம்பிள்ளையின் உரை கேட்கத் திருவரங்கத்தில் கூடிய கூட்டம் பெருமாளின் கோஷ்டியோ நம்பிள்ளையின் கோஷ்டியோ என்று ஐயுறும் அளவுக்குப் பெரிதாயிருந்ததாம். ‘ஈடு’ என்பது அந்தச் சொற்பொழிவுகளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதிவைத்ததன் பயன்.

19ஆம் நூற்றாண்டில் அச்சுநூல் பெருகியபோது, தமிழ்ப் புலவரிடையே ‘யாரிடம் பாடம் கேட்டவர்’ என்ற கேள்வி மாறத் தொடங்கியது. 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்து முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த உ. வே. சாமிநாதையர், யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்ற வினாவுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொன்னார். எந்த அவையிலும் மதிப்பைப் பெற்றுத்தந்த அப்பெயர் முதலியாரை அசைக்கவில்லை. அடுத்து, கற்ற நூல்கள் எவை என்று கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியலும் பயன்படவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். சீவக சிந்தாமணிச் சுவடி ஐயரின் கைக்கு வந்தது அந்தச் சந்திப்பின் விளைவு; 1887இல் அந்நூல் அச்சேறியது. யாரிடம் கேட்டவர் என்பதை எதைப் படித்தவர் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளிய நாட்களுள் தேதியோடு சுட்டத்தக்கது இது.

ஸ்ரீபெரும்புதூரில் பழைய கேள்விக்கு இன்னும் இடமுண்டு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள இராமானுசரின் படிமம் அவர் வாழ்ந்த காலத்திலேயே அமைந்து அவரே உவந்தது என்னும் நம்பிக்கையால் ‘தானுகந்த திருமேனி’ எனப்படுகிறது. சித்திரைத் திருவாதிரையில் வரும் அவர் பிறந்தநாள் விழாவில் ஓதப்படும் நூல்களுள் திருவரங்கத்தமுதனார் பாடிய இராமானுச நூற்றந்தாதியும் ஒன்று. அதன் 108 பாட்டிலும் இராமானுசரின் பெயர் வருகிறது. 7ஆம் பாட்டிலேயே அமுதனார் தம் ஆசிரியர் கூரத்தாழ்வானைப் பெயர் சொல்லி வணங்கிவிடுகிறார். அமுதனாரின் பெயரையும் அவர் மூங்கிற்குடியினர் என்பதையும் அறிய, பிறர் பாடிய தனியனுக்குத்தான் போக வேண்டும்.