அத்தையின் மாத்திரை டப்பாவும் சுப்பாராவும்

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாத்திரை டப்பாவை எடுத்து வந்து முன்னால் வைத்தார். ஒரு அட்டை மெத்தோட்ரெக்சேட், இன்னொன்று ஃபோலிக் ஆசிட். "இது கேன்சர் மருந்தாமே? பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எங்கிட்ட எதையாவது மறைக்கறீங்களாடா?"

அத்தைக்கு இருப்பது முடக்குவாதம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் பொய் இல்லை. அந்த இரண்டு அட்டைகளுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கு.

1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகை, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட்டைக் கொடுத்ததும் குணமானது. அதில் இருந்த சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1940களில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம். அங்கே ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானதால், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்த மாதிரி அவருக்குத் தோன்றியது. அப்படின்னா அந்தச் சத்தைத் தடுத்தால்? தடுக்கும் மருந்துகளை அனுப்பியது சுப்பாராவின் குழு. அதில் ஒன்று அமினோப்டெரின்.

செல் இரண்டாகப் பிரியணும்னா டி.என்.ஏ.வைப் படியெடுக்கணும், அதற்கு ஃபோலேட் வேண்டும். அமினோப்டெரின் பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். பூட்டுக்குள் போய்த் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும் கள்ளச்சாவி போல, என்சைமை அடைத்துவிடும். செல் பிரியாது. 1948இல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. ஆனால் தற்காலிகமாகத்தான், நோய் திரும்பி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவும் காலமானார், வயது 53.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். 1950களில், நஞ்சுக்கொடித் திசுவில் வரும் ஒரு புற்றுநோயை இந்த மருந்து மட்டுமே முழுசாகக் குணமாக்கியது.

கள்ளச்சாவிக்கு நல்ல வீடு, கெட்ட வீடு தெரியாது. எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடல் என்று வேகமாகப் பிரியும் செல்கள் எல்லாமே மாட்டும். வாய்ப்புண், வாந்தி, வெள்ளணுக்கள் குறைந்து தொற்று வருவதெல்லாம் அதனால்தான். பல கீமோ மருந்துகளில் முடி கொட்டுவதும் இதே காரணத்தால்தான்.

முடக்குவாதத்துக்குக் கொடுப்பது மிகச் சிறிய அளவு. புற்றுநோயைக் கொல்ல இல்லை, மூட்டைத் தாக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்க. உடம்பின் மற்ற செல்களுக்கு ஆறுதலாகத்தான் அந்த ஃபோலிக் ஆசிட்.

இதையெல்லாம் சொன்னதும் அத்தை கொஞ்சம் தெளிந்தார். அப்புறம், "வலி ஜாஸ்தியா இருந்தா இதை தினமும் போட்டுக்கலாமாடா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டு உயிரையே இழந்தவர்கள் உண்டு. பேனாவை எடுத்து, மெத்தோட்ரெக்சேட் அட்டையின் மேல் பெரிய எழுத்தில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதிவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

உங்க வீட்டு டப்பாவிலும் இந்த அட்டை இருந்தால், இன்றைக்கே கிழமையை எழுதிவிடுங்கள்.